மழைக் கணக்கு லயத்துக்கும் வரட்டும்



காலநிலை மாற்றத்தைப் பற்றி இப்போது நிறையப் புத்தகங்கள் வருகின்றன. அமிதாவ் கோஷ் 2016இல் வெளியிட்ட புத்தகத்தில், 1978 மார்ச்சில் டெல்லியில் தன் கண்ணெதிரே அடித்த சூறாவளியைச் சொல்கிறார். அதைத் தன்னால் ஏன் ஒரு நாவலில் வைக்க முடியவில்லை என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். என் வகுப்புப் பிள்ளைகளோ காலநிலை என்றதும் பனிக்கரடியை வரைகிறார்கள். லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டை ஒருவரும் வரையவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போகச் சொன்னால் சனம் எங்கே போகும்? காணி யார் கொடுத்தார்கள்?

அந்த நிறுவனத்தின் மழைக் கணக்கு இது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். பக்கம் நேராக உள்ள பால்மா டின்னை வெட்டவெளியில் வைத்தும் பார்க்கலாம். 150 என்பது ஏறக்குறைய அரை அடித் தண்ணீர்.

மழைமானி உள்ள தோட்டங்களில் அளவு கந்தோரோடு நின்றுவிடுகிறது. கொழுந்து நிறுவையை அவ்வளவு கவனமாக எழுதுகிறவர்களுக்கு, மழை அளவை லயத்துப் பலகையில் எழுத என்ன கஷ்டம்? அடுத்த தலைவர்மார் கூட்டத்தில் இதைக் கேட்போம். மண்சரிவுக்குப் பயந்து வெளியேறிய நாளுக்கு அரைப்பேர் போடக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்போம்.