கூலி பேசிவிட்டுத் தப்பைத் தூக்கு

"மாமா, நான் தப்படிக்கிறதையே தொழிலா எடுத்துக்கிடலாம்னு இருக்கேன்."

செண்பகத்தோப்பில், ஒரு மாந்தோப்பில் வைத்து என் அக்கா மகன் இப்படிச் சொன்னான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம் அது. 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாகவும், 2021இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அங்கேதான் தொடங்குகிறது. மிருகங்கள் மிரளக் கூடாது என்று காட்டு எல்லையை விட்டுத் தள்ளியே ஒரு தோப்பைக் கேட்டு வாங்கி, இருபது பேருக்கு இரண்டு நாள் பறைப் பயிற்சி வைத்திருந்தோம். அதில் ஐந்து பேர் பெண் பிள்ளைகள். நான் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதும் கை நின்றுவிட்டது.

அவன் பி.காம். முடித்தவன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தோளில் மாட்டியிருந்ததோ, என் அப்பாவின் தோளிலிருந்து நான் சண்டை போட்டு இறக்கி வைத்த தப்பு.

தோழர்களே, அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்குள் முப்பது வருசமாக ஓடுகிற சண்டை அது. நம்முடைய இயக்கத்துக்குள்ளும் முடியாத சண்டைதான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா தப்படித்தார். அடித்தார் என்பதை விட, அடிக்க வைக்கப்பட்டார் என்பதே சரி. ஊரில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் எங்கள் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். காய்ச்சலாகக் கிடந்தாலும் போக வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கேதம் சொல்லப் போவதும் எங்கள் வேலை. செருப்பு இல்லாமல் பாடைக்கு முன்னால் நடந்து, சுடுகாடு வரை அடிக்க வேண்டும். கூலி என்று ஒன்று பேசியதே கிடையாது. களத்தில் அள்ளிப்போடுகிற படி நெல், சாவு வீட்டில் கொடுக்கிற சில்லறை, அதோடு சாராயம். பன்னிரண்டு வயதில் நானும் அவரோடு போக ஆரம்பித்தேன். ஒத்தையடியும் மாரடிப்பு அடியும் சாமிச்சாட்டும் பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டன. அதை வித்தை என்று ஒருத்தனும் சொன்னதில்லை. "ஏலே, நல்லா அடி" என்றுதான் சொன்னார்கள்.

1997 வந்தது. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகமா என்று சாதி வெறியர்கள் கொதித்த வருசம். எங்கள் மாவட்டமே பற்றி எரிந்தது. அதே வருசம் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. அந்த வருசம்தான் எங்கள் தெருவில் கூடி, இனி ஊர்ச் சாவுக்குத் தப்படிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அப்பா சம்மதிக்கவில்லை. "நாளைக்கு வயக்காட்டுல எவன் வேலை குடுப்பான்?" என்று கேட்டார். அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு நடவு, ஒரு அறுப்பு, எங்கள் பெண்களைக் களத்தில் ஏற்றவில்லை. நான் ராஜபாளையத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போனேன். பத்து வருசத்துக்கு மேல் தப்பைத் தொடவே இல்லை.

இந்தப் பக்கங்களில் அப்போது நடந்த விவாதம் மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். பறை இழிவின் சின்னம், தூக்கி எறி என்றது ஒரு தரப்பு. தென்னாற்காட்டில் இளையபெருமாள் அவர்கள் அதற்காகவே இயக்கம் நடத்தினார். 1969இல் தீண்டாமை பற்றி இந்திய அரசுக்கு அறிக்கை தந்த குழுவின் தலைவர் அவர். பறையை மேடையில் ஏற்று, அதை விடுதலையின் ஆயுதமாக்கு என்றது இன்னொரு தரப்பு. மதுரை இறையியல் கல்லூரியில் தியாஃபிலஸ் அப்பாவு போன்றவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்கள் கையில் பறையைக் கொடுத்து இரண்டு தடைகளை ஒரே அடியில் உடைத்தது.

இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். அடிக்கிறவனுக்குக் கூலி யார் கொடுப்பது? எவ்வளவு? எப்போது? இழிவு என்றவர்கள், இறக்கி வைத்தவன் மறுநாள் என்ன சாப்பிடுவான் என்று பேசவில்லை. ஆயுதம் என்றவர்கள், ஆயுதம் ஏந்தியவனின் வீட்டு அடுப்பைப் பார்க்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இதைப் பார்த்தார். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையை மாற்ற ஒரு மசோதா கொண்டுவந்தார். வதன் என்பது கொஞ்சம் நிலத்தையும் தானியத்தையும் கொடுத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக ஊழியம் வாங்குகிற ஏற்பாடு. எங்கள் படி நெல்லுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அந்தத் துண்டு நிலத்தை விட அதிலிருந்து விடுபடுவதுதான் பெரிது என்று தன் சொந்தச் சாதிக்காரர்களிடமே அவர் வாதாட வேண்டியிருந்தது. என் அப்பாவிடம் நான் வாதாடியது போல.

ஆக, தொழில் எது, ஊழியம் எது? என் அனுபவத்தில் ஒரே ஒரு சோதனைதான். முடியாது என்று சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகும் உன் பெண்டாட்டி பிள்ளைகள் அந்த ஊரில் நடமாட முடிகிறதா? முடிந்தால் அது தொழில். முடியாவிட்டால் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அது ஊழியம்தான்.

சட்டமும் இதைச் சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 7அ பிரிவு, தீண்டாமையின் பேரில் செத்த விலங்கை அகற்றுவது, தோலுரிப்பது, அது போன்ற வேலைகளைச் செய்யக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வோம் என்று மிரட்டுவதும் கட்டாயம்தான் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அமலான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், அந்தப் புறக்கணிப்பையே தனிக் குற்றமாக்கிவிட்டது. எங்களைக் களத்தில் ஏற்றாத அந்த இரண்டு பருவத்துக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் கேஸ் போட்டிருப்போம். பயிற்சி முகாமில் அடி சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

நான் திரும்பத் தப்பைத் தூக்கியது 2008இல். எங்கள் தோழர் ஒருவர் இறந்துபோனார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் மிரட்டவில்லை. நானே போய்ப் பரண் மேல் கிடந்ததை எடுத்தேன். தோல் போயிருந்தது. புதுத் தோலை வாங்கி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டி, அவருக்காக அடித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு இது வித்தை என்று தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல எட்டுப் பேர் சேர்ந்தோம். தப்பு ஆறு, உறுமி ஒன்று, பம்பை ஒன்று.

எங்கள் நிபந்தனைகள் ஐந்து. பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் வண்டி ஏறுவோம். மணிக்கணக்கு முதலிலேயே பேச வேண்டும். காலில் செருப்பு இருக்கும். சாப்பாடு எல்லோருக்கும் போடுகிற பந்தியில். கூலியோடு சாராயம் கிடையாது. இந்த ஐந்தாவதுக்காக எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை வந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்று நாள் அடித்த களைப்புக்குக் குடிக்காமல் என்ன செய்ய என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சாராயத்தை வைத்துத்தான் எங்கள் அப்பன்மார் கூலியை அமுக்கினார்கள்.

நிபந்தனையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிற ஊர்கள் உண்டு. அதே ஊர்கள் திருவிழாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து செண்டை மேளம் இறக்குகின்றன. முன்பணம், வண்டி, தங்க இடம், சாப்பாடு எல்லாம் தந்து அழைக்கிறார்கள். செண்டையும் தோல், தப்பும் தோல். செண்டைக்காரரை வாங்க என்கிற வாய், தப்புக்காரனை வாடா என்கிறது. செண்டைக் கலைஞர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வாங்குகிற மரியாதைதான் தொழிலின் மரியாதை, நமக்கும் அதுதான் வேண்டும்.

அரசு என்ன செய்தது? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வகுத்து வைத்த பாடங்கள் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு. அந்த ஏழில் பறை சேரவில்லை. அண்மை ஆண்டுகளில்தான் நாட்டுப்புறக் கலைகளுக்கு வார இறுதிப் பயிற்சி என்று பின்வாசல் திறந்தது. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திக் கட்டித் தருகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை வெளியிடத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா 2020இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கருவி உள்ளே போகலாம், செய்தவன் கதை உள்ளே வரக் கூடாது.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் விபத்துக்கும் உதவித்தொகை உண்டு. அட்டை எடுக்காதவர்கள் எடுங்கள். ஆனால் உதவித்தொகை வேறு, கூலி வேறு. எங்கள் ராஜபாளையத்து மில்லில் வேலை பார்க்கிறவருக்கு ஷிப்டு உண்டு, வருகைப் பதிவு உண்டு, வைப்புநிதி உண்டு. காது மந்தமாகி, தோள் இறங்கிப் போகிற தப்புக்காரனுக்கு இதில் என்ன உண்டு? 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் தெருவில் வெடி போட்டோம். பெருமைதான். மறுநாள் சாவு வீட்டில் பேரம் பேசியவருக்கு அந்தப் பெருமை எட்டவில்லை.

கறுப்பர்கள் இதில் நமக்கு முன்னோடி. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சவ ஊர்வலத்தில் மேளமடித்த மரபிலிருந்து ஜாஸ் உலகத்துக்கு வந்தவர் பேபி டாட்ஸ் (1898–1959). கறுப்பு இசைக் கலைஞர்கள் பெருமையோடு நிற்கவில்லை, சங்கம் வைத்துக் கூலி விகிதம் பேசினார்கள். சங்கத்திலும் நிறவெறி இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளையருக்கு 47ஆம் கிளை, கறுப்பருக்கு 767ஆம் கிளை. அதை எதிர்த்துப் போராடி 1953இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். நல்ல மேடையும் நல்ல கூலியும் வெள்ளைக் கிளை வழியாகவே போய்க்கொண்டிருந்ததுதான் அந்தப் போராட்டத்தின் காரணம்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருசம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எங்கள் குழு அடித்த நாள் 112. சாவு 58, அம்மன் கோயில் பொங்கல் 27, கல்யாணம் காதுகுத்து 18, இயக்க மேடைகள் 9. இந்த ஒன்பதில் பேசிய கூலி முழுசாக வந்தது இரண்டு. மற்றதில் பஸ் செலவும் துண்டும் புரட்சி வாழ்த்தும். ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம் கொடுத்தீர்கள், பந்தல்காரருக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கு "இது நம்ம இயக்கம் தோழர்" என்றீர்கள். ஊர்க்காரன் "இது உன் கடமைடா" என்றான். சொல் மரியாதையாக இருக்கிறது, பை மட்டும் அதே பை.

இன்னொன்று. நாங்கள் அருந்ததியர். எங்கள் பக்கத்தில் சாதி இந்துக்களுக்கு மட்டும் நாங்கள் அடிக்கவில்லை. தலித் என்று நாம் சேர்ந்து சொல்லிக்கொள்கிற மற்ற தெருக்களின் சாவுக்கும் நாங்கள்தான் அடித்தோம், அங்கேயும் வெளியில்தான் நின்றோம். இதைச் சொன்னால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள். சொல்லாததால்தான் கெட்டுக் கிடக்கிறது.

மாந்தோப்பில் அன்றைக்கு அந்தியில் என் மருமகனிடம் அந்த நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "வருசத்துல 253 நாள் சும்மாவா மாமா?" என்றான். சும்மா இல்லைடா, சிமெண்டு சட்டி தூக்கின நாள் என்றேன். புரட்டாசியிலும் மார்கழியிலும் சோறு எங்கிருந்து வரும் என்று முதலில் கணக்குப் போடு. பட்டப்படிப்பை விடாதே, வங்கிப் பரீட்சை எழுது. தப்பு உன்னைத் தூக்கி நிறுத்துகிற வரைக்கும் நீ வேறு காலில் நில். சொல்லிக் கொடுக்கப் போனால் வகுப்புக்குக் கட்டணம் வாங்கு. சாவுக்கு அடிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், சாவு இழிவில்லை. மறுக்க முடியாத இடத்துக்கு மட்டும் போகாதே. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

"சரி" என்று சொன்னானே தவிர, என்ன முடிவெடுத்தான் என்று எனக்கு இன்னும் தெரியாது.

போன வாரம் ஒரு தோழர் மாநாட்டுக்குக் கூப்பிட்டார். போனை அவன்தான் எடுத்தான். தேதி கேட்டான், நேரம் கேட்டான், பிறகு "அட்வான்ஸ் எவ்வளவு தோழர்?" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பேசுங்கள் தோழர்களே. அடுத்த மாநாட்டு வரவுசெலவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கீழே 'பறைக் கலைஞர் கூலி' என்று ஒரு வரி எழுதுங்கள். தொகையையும் எழுதுங்கள்.