இன்ஜின் போன காருக்கு 90 ஆயிரம் போடலாமா? கணபதியில உட்கார்ந்து போட்ட கணக்கு

"வண்டியோட மதிப்பே ரெண்டு லட்சம்தான். அதுல 90 ஆயிரம் போட்டு இன்ஜின் வேலை பார்க்கணுமா? தள்ளி விட்டுட்டு புதுசா ஒண்ணு எடு."

உங்க கார் நீலப் புகை விட ஆரம்பிச்சிருந்தா, இந்த அறிவுரையை இதுக்குள்ள நாலு பேராவது சொல்லியிருப்பாங்க. கேட்க நியாயமா இருக்கும். ஆனா அந்த ரெண்டு லட்சம் ஓடுற வண்டியோட விலைங்க. இன்ஜின் போன வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா வாங்குறவர் தர்ற விலை வேற. அதனால செலவை வண்டி விலையோட ஒப்பிடுறதே தப்பான இடத்துல ஆரம்பிக்குது. "இந்தப் பணத்தைப் போட்டா அடுத்த நாலு வருஷம் எனக்கு மாசம் எவ்வளவு ஆகும், போடலைன்னா அதுக்குப் பதிலா எவ்வளவு ஆகும்" இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வீடியோல இதை ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க முழுசாப் போடலாம்.

நம்ம ஊர் ரோட்டுல அதிகம் பார்க்கிற ஒரு வண்டியையே எடுத்துக்குவோம். 2015-ல பதிவான ஸ்விஃப்ட் டீசல். அதுக்குள்ள இருக்கிறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 1,248 சிசி. மாருதி, டாடா, ஃபியட்னு ஏகப்பட்ட கம்பெனி வண்டிகள்ல இதே இன்ஜின் இருந்ததால "தேசிய இன்ஜின்"னே பேர் வாங்குச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்போ மாருதி டீசலையே நிறுத்திடுச்சு. ஆனா இத்தனை வண்டியில இருந்த இன்ஜின்ங்கிறதால பிஸ்டன், ரிங், பேரிங் கிடைக்கிறதுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கை வச்சுப் பழகாத மெக்கானிக்கும் கம்மி.

இப்ப எண்கள். இதெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது, உங்க வண்டிக்கு உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. ஓடுற நிலையில விலை 2.2 லட்சம். இன்ஜின் போன நிலையில 1.2 லட்சம். ஃபுல் இன்ஜின் வேலை 90 ஆயிரம். பழைய வண்டி சும்மா இருக்காது. கிளட்ச், சஸ்பென்ஷன், டயர்னு வருஷம் 25 ஆயிரம் கூடுதலா வைக்கலாம். நாலு வருஷத்துல மொத்தம் 1.9 லட்சம். அப்புறம் வித்தா 1 லட்சம் வருதுன்னா, நிகரச் செலவு 90 ஆயிரம்.

அடுத்தது புது வண்டி. ஆன்ரோடு 8 லட்சம், முன்பணம் 1.5 லட்சம், மீதி 6.5 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில 7 வருஷ லோன். இஎம்ஐ சுமார் 10,600 ரூபாய். நாலு வருஷத்துல இஎம்ஐ மட்டும் 5.1 லட்சம், முன்பணத்தோட 6.6 லட்சம். அந்த நேரத்துல வண்டி 4.5 லட்சத்துக்குப் போகும்னு வைங்க, லோன்ல இன்னும் 3.3 லட்சம் பாக்கி நிக்கும். கையில மிஞ்சுறது 1.2 லட்சம். பழைய வண்டியை இருக்கிற நிலையில வித்த 1.2 லட்சத்தையும் கழிச்சிட்டா நிகரச் செலவு 4.2 லட்சம். புது வண்டியோட இன்சூரன்ஸ், சர்வீஸ் எதையும் நான் இதுல சேர்க்கவே இல்லை.

வித்தியாசம் 3.3 லட்சம். மாசத்துக்கு கிட்டத்தட்ட 7,000 ரூபாய். சரவணம்பட்டியில 35 ஆயிரம் சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு அது சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு.

"சரி, பண்ணின இன்ஜின் ரெண்டே வருஷத்துல மறுபடி போயிட்டா?" நல்ல கேள்வி. அப்பவும் நீங்க போட்டது 90 ஆயிரமும் ரெண்டு வருஷ இதர செலவு 50 ஆயிரமும். மாசம் 5,800 சொச்சம். அந்த மோசமான நிலைமையிலயும் இஎம்ஐயை விடக் கம்மிதான். 90 ஆயிரம் கையில இல்லைன்னு 14 சதவீதத்துல ரெண்டு வருஷ பர்சனல் லோன் போட்டாலும் மாசம் 4,300 பக்கம்தான் வரும், ரெண்டு வருஷத்துல முடிஞ்சும் போயிடும். கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு மினிமம் மட்டும் கட்டிட்டு இருந்தா மட்டும் இந்தக் கணக்கு மொத்தமாக் கவுந்துடும்.

2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சது, ஷோரூம்ல அதைத்தான் முதல்ல சொல்வாங்க. உண்மைதான். ஆனா அதே நாள்ல வண்டி உதிரி பாகங்களுக்கும் 28-ல இருந்து 18 ஆச்சு. அதை யாரும் போஸ்டர் அடிச்சு ஒட்டலை.

நம்ம ஊருக்குன்னு இதுல ஒரு சாதகம் இருக்குங்க. இன்ஜினைப் பிரிச்சு மாட்டுறது மெக்கானிக். ஆனா இன்ஜினோட ஆயுசைத் தீர்மானிக்கிறது லேத் பட்டறை. சிலிண்டர் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுறது, இல்லைன்னா ஸ்லீவ் இறக்குறது, கிராங்க்கை கிரைண்டிங் பண்ணி அதுக்கேத்த பேரிங் போடுறது, ஹெட்டை ஃபேசிங் பண்றது, வால்வு சீட் வெட்டுறது, எல்லாமே மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு கணக்குல நடக்கிற வேலை. கணபதி சத்தி ரோட்டுல டெக்ஸ்டூல் ஸ்டாப்னு தினமும் பஸ்ல கேக்கறோமே, அது டி.பாலசுந்தரம் நாயுடு தொடங்கின கம்பெனியோட பேர். 1937-ல ஜி.டி.நாயுடுவோட சேர்ந்து மின் மோட்டார் செஞ்சவர் அவர். அந்த மரபுல வளர்ந்த பட்டறைகள் இன்னைக்கும் கணபதி சந்துகள்ல இருக்கு. தோட்டத்து மோட்டார் காயில் போனா புதுசு வாங்காம ரீவைண்டிங் கட்டிப் பழகின ஊர் இது. வேற ஊர்ல இருக்கிறவங்களுக்கு இவ்வளவு பக்கத்துல இந்தக் கைத்திறமை கிடைக்காது. அதனால மெக்கானிக் அண்ணன்கிட்ட "எவ்வளவு ஆகும்"னு கேட்கிறதுக்கு முன்னாடி "போர் எங்கண்ணே போடுறீங்க"ன்னு கேளுங்க. முடிஞ்சா அந்தப் பட்டறைக்கே ஒரு நடை போயிட்டு வாங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு படி இருக்கு. அங்கதான் அதிகம் பேர் பணத்தை விடறாங்க. "இன்ஜின் போச்சு"ங்கிற தீர்ப்பை சத்தத்தைக் கேட்டு மட்டும் சொன்னா ஒத்துக்காதீங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. ஆனா டர்போல இருந்து ஆயில் கசிஞ்சாலும் நீலப் புகைதான் வரும், அப்ப டர்போ மட்டும் பார்த்தாப் போதும். கரும் புகைக்கு இன்ஜெக்டர் காரணமா இருக்கலாம். தொடர்ந்து வெள்ளைப் புகை வந்து கூலன்ட் குறையுதுன்னா ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம். ஹெட்டை மட்டும் கழட்டி ஃபேசிங் பண்ணி முடிக்கிற வேலைக்கு ஃபுல் இன்ஜின் காசு கட்ட வேண்டியதில்லை. கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து ஒவ்வொரு சிலிண்டரோட எண்ணையும் பேப்பர்ல எழுதி வாங்குங்க. அதை எடுத்துக்கிட்டு இன்னொரு மெக்கானிக்கைப் பாருங்க. அதுக்கு ஆகுற ஆயிரம், ரெண்டாயிரம் வீண் இல்லை.

"பிரிச்சாத்தான் தெரியும்"னு அவர் சொல்றது ஏமாத்து இல்லை, நிஜமாவே அப்படித்தான். சிக்கல் என்னன்னா, பிரிச்சுப் போட்ட வண்டியை வேற எங்கயும் எடுத்துட்டுப் போக முடியாது. அவர் சொல்ற தொகையெல்லாம் அப்புறம் சின்னதாத் தெரியும். "ஏற்கனவே 40 போட்டாச்சு, இன்னொரு 20 தானே" இந்த வாக்கியம்தான் 90-ஐ 1.5 லட்சமா ஆக்குது. அதனால பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு உச்சவரம்பு வைங்க. மேல சொன்ன கணக்குல என்னோட வரம்பு 1.2 லட்சம். கிராங்க் உடைஞ்சிருக்கு, பிளாக்ல கிராக் இருக்குன்னு தெரிஞ்சு அதைத் தாண்டினா, பிரிச்ச கூலியைக் கொடுத்துட்டு நிறுத்திடணும். ஏற்கனவே போட்டதை நினைச்சு மேல போடக்கூடாது.

அப்ப வர்ற அடுத்த யோசனை, விபத்துல போன வண்டியில இருந்து "ரன்னிங் இன்ஜின்" எடுத்து மாட்டுறது. சென்னைன்னா புதுப்பேட்டை. ரெண்டு நாள்ல வேலை முடியும், ரீபில்டை விட விலையும் கம்மியா இருக்கலாம். எனக்கு இது பிடிக்காது. பிளாக்கே உடைஞ்சு வேற வழி இல்லைன்னாதான் இதுக்குப் போவேன். அந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு சொல்றவர் வாயைத் தவிர வேற ஆதாரம் கிடையாது. அதுபோக பேப்பர் வேலை ஒண்ணு இருக்கு, அதை பட்டறையில யாரும் சொல்ல மாட்டாங்க. இன்ஜின் மாறினா இன்ஜின் நம்பர் மாறுது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி முன் அனுமதி இல்லாம மாத்தியிருந்தா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல தெரியப்படுத்தி ஆர்சியில மாத்திக்கணும். வண்டி மேல லோன் இருந்தா ஃபைனான்ஸ் கொடுத்தவங்களோட எழுத்துப்பூர்வ சம்மதமும் வாங்கிடுங்க. பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியோடதா இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் இல்லைன்னாலும், ஆர்சியில ஒரு நம்பர், வண்டியில ஒரு நம்பர்னா இன்சூரன்ஸ் க்ளெய்ம் அன்னைக்கு நீங்க பதில் சொல்ல வேண்டிவரும். ரீபில்ட்ல பிளாக் உங்களோடதேதான், நம்பர் மாறாது.

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். தேய்மானத்தால போன இன்ஜினுக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில எதுவும் கிடைக்காது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல தண்ணில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜினை இழந்தவங்க பலரும், இன்ஜின் புரொடெக்ஷன் ஆட்-ஆன் இல்லாததால கையில இருந்து கட்ட வேண்டியதாச்சு. இன்னொண்ணு, 90 ஆயிரம் போட்டுட்டீங்கங்கிறதுக்காக ஐடிவி ஏறாது. அடுத்த மாசமே வண்டி மொத்தமா நொறுங்கினா பாலிசியில எழுதின தொகைதான் வரும்.

ஆர்சி தேதியையும் பாருங்க. 2015 வண்டிக்கு 2030 வரைக்கும் இருக்கு. உங்களோடது 2012-ன்னா 2027-ல முடியுது. தமிழ்நாட்டுல டெல்லி மாதிரி 10 வருஷ டீசல் தடை இல்லை, எஃப்சி காட்டி 5 வருஷத்துக்கு நீட்டிக்கலாம். ஆனா அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ஆயிடுச்சு, பசுமை வரி தனி. உங்க வண்டி செவர்லேவா இருந்தா (2017-ல இந்தியாவுல விற்பனையை நிறுத்திட்டாங்க) இல்லை ஃபோர்டா இருந்தா (2021-ல உற்பத்தியை மூடறதா அறிவிச்சாங்க), என்னென்ன பார்ட்ஸ் கிடைக்குதுன்னு லிஸ்ட் போட்டு விசாரிச்சிட்டு அப்புறம் பிரிங்க.

அப்ப புது வண்டியே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். கீழ துரு ஏறி சேஸிஸே அரிச்சிருந்தா, பெரிய விபத்துல அடி வாங்கின வண்டின்னா, கியர்பாக்ஸும் சேர்ந்து போயிட்டா, இன்ஜினை மட்டும் புதுசாக்கி என்ன பண்றது? 2023-ல அரசு பஸ்கள்ல பழைய சேஸிஸ் மேல புது பாடி கட்டி மஞ்சள் கலர் அடிச்சு விட்டாங்களே, அங்கயும் கீழ இருக்கிறது நல்லா இருந்ததாலதான் மேல செலவு பண்ணினாங்க. இங்க அதோட தலைகீழ் கேஸ்.

எனக்கு இன்ஜினை விடப் பெரிய காரணமாத் தெரியறது ஏர்பேக்தான். டிரைவர் ஏர்பேக் எல்லா கார்லயும் கட்டாயமானது 2019 ஜூலையில. அதுக்கு முன்னாடி வந்த பேஸ் மாடல்கள் பலதுல ஒரு ஏர்பேக் கூட இருக்காது. குழந்தையை உட்கார வச்சு வாரா வாரம் சேலம் ஹைவேல போறவர், மாசம் 7,000 கூடக் கொடுத்து ஏர்பேக் உள்ள வண்டிக்கு மாறினா அவரை நான் தடுக்கவே மாட்டேன். கணபதியில இருந்து சரவணம்பட்டிக்கு ஆபீஸ் போய் வர்றவருக்கு அந்த அவசரம் இல்லை. அவர் மாசத்துக்கு 300 கிலோமீட்டர்தான் ஓட்டுறார்னா, 1.2 லட்சத்துக்கு வித்துட்டு ஸ்கூட்டரும் டாக்ஸியும் போதுமான்னும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

செகண்ட் ஹேண்ட்ல மூணரை லட்சத்துக்கு இன்னொரு வண்டி எடுக்கிறதைப் பத்தி நான் அதிகம் சொல்லலை. அது இன்னொருத்தரோட இன்ஜினை உங்க காசுல வாங்குறது, அவ்வளவுதான்.

ரீபில்ட்னு முடிவு பண்ணிட்டா மாத்தின பழைய பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாத்தையும் திரும்பக் கேட்டு வாங்குங்க. பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி பில், வேலைக்கு எத்தனை மாசம், எத்தனை கிலோமீட்டர் கேரண்டின்னு அதே பில்லுல எழுத்து. கேஸ்கெட், ஆயில் பம்ப், டைமிங் செயின்ல மட்டும் விலை குறைஞ்சதைத் தேடாதீங்க. வண்டி வந்ததும் முதல் 1,000 கிலோமீட்டர் மிதமா ஓட்டிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க. அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏத்துறதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.