எழுத்தாணியும் ஏவலாளும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் உபாத்தியாயர்களுக்கு வாய்க்கும் முதல் கைங்கரியம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எழுதுவதாகும். முன்னாளில் நீளத்தாளில் கோடு கிழித்து மையால் எழுதினோம். இந்நாளில் கணினியில் அடிக்கிறோம். ஆனால் சிரமம் குறைந்துவிட்டதா என்று கேட்டால் உடனே 'ஆம்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாற்பது பெயரை அடித்து முடித்த பிறகு, அவற்றை அகர வரிசையில் அடுக்க ஒரு புரோகிராம், எண்ணிக்கை பார்க்க மற்றொன்று, தேதி இட வேறொன்று என்று அலைகிறோம். எழுதுகிற பக்கத்தை விட்டு வெளியே போய், வேறு ஜன்னலைத் திறந்து, நகலெடுத்து ஒட்டி, மறுபடி திரும்பி வருவதற்குள் ஒரு பீரியடு கழிந்துவிடுகிறது.

இந்த அலைச்சலைத் தவிர்க்க ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். கணினி தெரியாத பெரியவர்களும் பொறுமையுடன் வாசித்தால் விளங்காமற் போகாது.

எழுதவும் திருத்தவும் பயன்படுவது 'டெக்ஸ்ட் எடிட்டர்'. தமிழில் உரைத்திருத்தி என்கிறார்கள். கணினிக்கு எழுத்தால் கட்டளையிட்டு வேலை வாங்கும் வாசல் 'ஷெல்'. முன்னது எழுத்தாணி, பின்னது ஏவலாள். இரண்டையும் இரண்டு ஊர்களாகப் பாவித்துக்கொள்வோம். எடிட்டர் நமது ஸ்ரீவில்லிபுத்தூர், ஷெல் ராஜபாளையம். இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். எனினும் ஒவ்வொரு சில்லறைக் காரியத்துக்கும் பஸ் ஏறிப் போய்த் திரும்புவதென்றால் யாருக்குத்தான் சலிப்பு வராது? பஞ்சை இங்கிருந்து அனுப்பிவிட்டு, நூலாக வீட்டு வாசலிலேயே பெற்றுக்கொள்வதல்லவா புத்திசாலித்தனம்?

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸன் 1969-இல் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கியபோது, 'எட்' என்ற சிறிய எடிட்டரையும் உடன் எழுதினார். 1970-களின் தொடக்கத்திலேயே அதில் ஆச்சரியக்குறி ஒன்றை இட்டு, அதன்பின் கட்டளையை எழுதினால், எடிட்டரை மூடாமலே ஷெல் அவ்வேலையைச் செய்து கொடுத்தது. அக்காலத்தில் ஒருவருக்கு ஒரு முனையம்; அதில் ஒரு நேரத்தில் ஒரே வேலை. ஆகையால் இது ஆடம்பரமன்று, அவசியமாக இருந்தது. பெர்க்லி சர்வகலாசாலையில் பில் ஜாய் 1976-இல் 'வீஐ' எடிட்டரை எழுதத் தொடங்கினார்; ஆச்சரியக்குறி அதற்கும் வந்து சேர்ந்தது. ஹாலந்து தேசத்துப் பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட 'விம்' அதன் வாரிசு. அவர் 2023-இல் காலமானார். அவர் செய்த கருவி இன்றும் உலகெங்கும் உழைக்கிறது. அதற்கு விலை இல்லை. மனமுள்ளவர்கள் உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதே அவர் விடுத்த வேண்டுகோள்.

இதன் பின்னே வேறொரு யோசனையும் இருக்கிறது. அதே கூடத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், தோட்டத்து ரப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவதைப் போலப் புரோகிராம்களையும் மாட்ட வேண்டும் என்று 1964-இல் எழுதி வைத்தார். 1973-இல் அது யூனிக்ஸில் நடைமுறைக்கு வந்தது. ராஜபாளையத்தாருக்கு இதை விளக்க ரப்பர்க் குழாய் வேண்டியதில்லை. 1936-இல் ராஜபாளையம் மில் ஏற்பட்ட காலந்தொட்டு அவ்வூர் அறிந்த சங்கதிதான். ப்ளோரூமில் உதறிய பஞ்சு கார்டிங்குக்குப் போகிறது; அங்கிருந்து டிராயிங்; பிறகு சிம்ப்ளெக்ஸ்; பிறகு ஸ்பின்னிங்; முடிவில் கோன் வைண்டிங். ஒவ்வோர் இயந்திரமும் ஒரே ஒரு வேலையைச் செய்கிறது. ஒன்றின் விளைவு மற்றொன்றின் மூலப்பொருள். யூனிக்ஸின் சிறு கட்டளைகளும் அப்படியே. எடிட்டர், கையிலுள்ள எழுத்தை அந்த வரிசையில் செலுத்தி, வெளிவருவதைத் திரும்ப வாங்கி வைக்கிறது.

செய்முறையைப் பார்ப்போம். விம் எடிட்டரில் முக்காற்புள்ளி, 'ஆர்' எழுத்து, ஓர் இடைவெளி, ஆச்சரியக்குறி, 'டேட்' என்ற சொல் ஆகியவற்றை அடித்தால், தேதியும் நேரமும் நாம் நிற்கும் வரிக்குக் கீழே வந்து அமரும். முக்காற்புள்ளி, சதவீதக்குறி, ஆச்சரியக்குறி, 'ஸார்ட்' என்று அடித்தால் பக்கம் முழுவதும் வெளியே போய், வரிசையாகி, பழையது இருந்த இடத்திலேயே வந்து நிற்கும். முக்காற்புள்ளி, 'டபிள்யூ' எழுத்து, இடைவெளி, ஆச்சரியக்குறி, பின்னர் சொல் எண்ணும் கட்டளை என்று இட்டால், எழுத்து மாறாமல் எண்ணிக்கை மட்டும் தெரியும். இதில் அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஆச்சரியக்குறி 'டபிள்யூ'வோடு ஒட்டிக்கொண்டால், 'கட்டாயமாக எழுதிவை' என்று பொருள் மாறிவிடும். எண்ணிக்கைக்குப் பதில், கட்டளையின் பெயரிலேயே ஒரு கோப்பு உண்டாகும். 'ஈமாக்ஸ்' எடிட்டரை விரும்புவோர் ஆல்ட் விசையுடன் ஆச்சரியக்குறியை அழுத்தி இதே ஏவலாளை அழைக்கலாம்.

நிற்க. தமிழனுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அருள், அன்பு, கமலா, கனகா, கண்ணன், கணபதி என்று ஆறு பெயர்களை வரிசைக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்களின் உள்ளெண்ணை மட்டும் பார்த்து அடுக்குமாறு அமைந்த கணினி, அன்பை முன்னே வைத்து அருளைப் பின்னே தள்ளும். கனகாவுக்குப் பிறகே கமலா. கணபதிக்குப் பிறகே கண்ணன். நமது நெடுங்கணக்கில் ன கரம் பதினெட்டாவது மெய். ரகரமும் மகரமும் அதற்கு முந்தியவை. புள்ளி வைத்த மெய், உயிர்மெய்க்கு முன்னே வர வேண்டும். ஆகவே அருள், அன்பு, கண்ணன், கணபதி, கமலா, கனகா என்பதே சரியான வரிசை. மூன்றாம் வகுப்புக் குழந்தை அறிந்த இது, கோடிக்கணக்கில் கூட்டல் போடும் இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த 1988-ஆம் ஆண்டு 'இஸ்கி' அட்டவணையைத் தழுவியது. அதில் ந கரத்தை அடுத்து ன கரமும், ரகரத்தை அடுத்து றகரமும், ளகரத்தை அடுத்து ழகரமும் உட்கார்ந்துவிட்டன. புள்ளியோ கடைசியில் எண் பெற்றது. வரிசை முறையைச் சொல்லும் விதிகளை யூனிகோடு அமைப்பு தனியே வைத்திருக்கிறது. தமிழுக்கும் விதி உண்டு. அவ்விதியைக் கேட்டு நடக்கிற கருவி சரியாக அடுக்கும். கேளாத கருவி தவறாக அடுக்கும். பைத்தான் மொழியின் சாதாரண வரிசைக் கட்டளை கேளாத இனத்தைச் சேர்ந்தது.

பெயர்ப் பட்டியல்தானே, முன்பின் இருந்தால் என்ன என்று சிலர் கருதலாம். அகராதியும், நூலகத்துப் பட்டியலும், வாக்காளர் ஜாபிதாவும், பரீட்சைப் பதிவும் வரிசையை நம்பியே இருக்கின்றன. இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத பெயர், தேடுகிறவருக்கு இல்லாத பெயரேயாகும். மேலும், இயந்திரம் அடுக்கியதே சரி என்று நாம் நாலு வருஷம் ஒத்துக்கொண்டால், ஐந்தாவது வருஷம் குழந்தைகள் அதையே நெடுங்கணக்கு என்று நம்பிவிடுவார்கள்.

இங்கேதான் ஆச்சரியக்குறியின் அருமை புலப்படுகிறது. எடிட்டருக்குத் தமிழ் வரிசை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதை எழுதியவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரிகளை வாங்கி, தமிழ் முறையில் அடுக்கி, திருப்பிக் கொடுக்கும் ஒரு சிறு புரோகிராமை நாமே எழுதிக்கொள்ளலாம். 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவசப் பைத்தான் நூலகத்தில் தமிழ்ச் சொற்களை முன்பின் ஒப்பிடும் வசதி இருக்கிறது. அதைத் துணைக்கொண்டால் பத்து வரிக்குள் காரியம் முடியும். அதற்கு ஒரு பெயரிட்டு, 'ஸார்ட்' என்ற சொல்லிருந்த இடத்தில் அப்பெயரை இட்டால் போதும். ஹாலந்துக்காரரின் எழுத்தாணி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளையின் ஏவலாளை அழைத்து வேலை வாங்கும். கருவி எங்கே பிறந்தாலும் அதன் கைப்பிடி நம் கையில் இருக்குமானால், அது சுதேசிக் கருவியே என்பது நமது அபிப்பிராயம்.

நமது மாநிலத்தில் 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில், பைத்தான் புரோகிராமுக்குள்ளிருந்தே 'ஓஎஸ்.சிஸ்டம்' என்ற கட்டளையால் ஷெல்லை ஏவி, சி++ புரோகிராமை இயக்கும் பாடம் ஒன்று உண்டு. எடிட்டரின் ஆச்சரியக்குறியும் இதுவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிள்ளைகள் அதை ஐந்து மார்க்குக்காக நெட்டுருச் செய்து, பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அப்பாடத்தை ஒரு நாள் தங்கள் வகுப்புப் பட்டியலை அடுக்கப் பயன்படுத்தச் சொன்னால், பிறகு மறக்கச் சொன்னாலும் மறக்க மாட்டார்கள்.

ஏவலாள் கெட்டிக்காரன், ஆயினும் விவேகி அல்லன். சொன்னதைச் செய்வானே தவிர, 'இப்படிச் செய்யலாமா, ஐயா?' என்று கேட்கமாட்டான். ஆகையால் மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லி வைக்கிறோம்.

முதலாவது, ஏவுவதற்கு முன் கோப்பைச் சேமித்துக்கொள்க. கட்டளையில் ஓர் எழுத்துப் பிழைத்தால், நாற்பது பெயர்களும் மறைந்து, 'அப்படியொரு கட்டளை இல்லை' என்ற ஒற்றை வரி பக்கத்தில் வந்து நிற்கும். பதற வேண்டாம், விம்மில் 'யூ' விசையை அழுத்தினால் பெயர்கள் திரும்பும்.

இரண்டாவது, அந்த 'யூ' விசையின் அதிகாரம் எடிட்டரின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. 'ஆர்எம்' என்னும் கட்டளையால் ஷெல் ஒரு கோப்பை அழித்துவிட்டால், எடிட்டரில் எத்தனை முறை 'யூ' அழுத்தினாலும் அது மீளாது. அங்கே குப்பைக்கூடையும் கிடையாது. பொருள் தெரியாத கட்டளையை, யார் எழுதிக் கொடுத்தாலும், இயக்கலாகாது.

மூன்றாவது, கட்டளை நம்முடைய கையிலிருந்துதான் புறப்படுகிறது என்று எப்போதும் நம்பிவிடவும் கூடாது. கோப்பின் முதல் அல்லது கடைசிச் சில வரிகளில் எழுதியிருக்கும் அமைப்புக் குறிப்புக்களை விம் படித்து அனுசரிக்கும் வழக்கம் உண்டு. 2019-இல் இவ்வழியே ஒரு பெருத்த ஓட்டை வெளிப்பட்டது. வஞ்சகமாக எழுதிய கோப்பைத் திறந்த மாத்திரத்தில், அதற்குள் ஒளிந்திருந்த கட்டளை ஷெல்லில் ஓடிவிடக்கூடும் என்று தெரிந்தது. உடனே திருத்திய பதிப்பு வெளிவந்தது. பழைய பதிப்பை வைத்திருப்போர் புதுப்பித்துக்கொள்வதும், அந்தக் குறிப்புப் படிக்கும் வழக்கத்தை அணைத்து வைப்பதும் நலம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வேலை கொடுத்து இக்கட்டுரையை முடிக்கிறோம். உறவினர் பெயர்களில் முப்பதைத் தமிழில் அடித்து, கணினியைக்கொண்டு அடுக்கச் சொல்லுங்கள். அருள் முன்னே வந்தால் நன்று. அன்பு முன்னே வந்தால், அந்தப் பத்து வரிப் புரோகிராமை எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பாட்டியார் பக்கத்தில் இருந்து நெடுங்கணக்கைச் சரிபார்க்கட்டும். அவ்விஷயத்தில் கணினியைவிட அவர் தேர்ந்தவர்.