நீயாக இருந்தால்?



பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் பங்கு மன்றத்தில் நாம் ஆங்கிலம் கற்பித்து வருகிறோம். பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னால் தடையின்றி வாசிப்பார்கள். வாசித்தது யாது என்று கேட்டாலோ விழிப்பார்கள். வினாவிலுள்ள சொல் பாடத்தின் எந்த வரியில் வருகிறதெனத் தேடி, அவ்வரியை அப்படியே பெயர்த்தெழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பொருள் விளங்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

பாடத்தை இடையில் நிறுத்தி, இனி என்ன நிகழும் என்று மாணவனை ஊகிக்கச் செய்து, பின்னர் வாசித்து அவ்வூகத்தைச் சரிபார்க்கச் சொல்லும் முறையொன்றை அமெரிக்கக் கல்வியாளர் ரஸல் ஸ்டாஃபர் 1969-ல் தம் நூலில் விளக்கினார். அம்முறையையே சற்று மாற்றிக் கையாண்டோம். கதை எவ்வாறு முடியும் என்பதில் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாமற் போகலாம். மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதைப் பற்றியோ கருத்தில்லாத பிள்ளை இல்லை.

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலறிஞர் இருவர் 1973-ல் வெளியிட்ட ஆய்வொன்றை எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தோம். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் நாற்பது பேர், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று பேசுமாறு தனித்தனியே அனுப்பப்படுகின்றனர். சிலர் பேச வேண்டியது நல்ல சமாரியன் உவமையைப் பற்றி. மற்றவர் வேறு பொருள் பற்றி. வழியில் ஒரு வாசற்படியில் ஒருவர் தலை கவிழ்ந்து கிடந்து இருமி முனகுகிறார். அவ்விடத்தில் தாளை மடிக்கச் செய்து கேட்டோம்: "நீ அவ்வழியே சென்றால் என்ன செய்வாய்? அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் நிற்பர்?"

நாற்பது பேரும் நிற்பர் என்றனர் பெரும்பாலோர். ஒரு சிறுவன் மட்டும், "சாமி, அந்த ஆள் குடித்திருக்கிறாரா, நோயாளியா?" என்று கேட்டான். "தாளில் என்ன இருக்கிறதென்று பார்" என்றோம். குடியைக் குறிக்கும் சொல்லைத் தேடி அப்பத்தியை மும்முறை வாசித்தான். அப்படியொரு சொல் அங்கில்லை என்று அவனே அறிவித்தபோது, அவ்வாண்டில் முதன்முறையாக ஒரு பிள்ளை ஆங்கிலத்தை வாசித்ததாக நமக்குத் தோன்றியது.

மடித்த தாளை விரித்தனர். நின்று உதவ முன்வந்தவர் பதினாறு பேரே. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவரில் 63 விழுக்காட்டினரும், ஓரளவு அவசரப்பட்டவரில் 45 விழுக்காட்டினரும் உதவினர். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவரில் 10 விழுக்காட்டினரே உதவினர். உவமையைப் பற்றிப் பேசப் போனவரிற் சிலர் கிடந்தவரைத் தாண்டியே சென்றனராம். பேசவிருந்த பொருள் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்ற வாக்கியத்தை மட்டும் பாதிப் பிள்ளைகள் தலைகீழாக வாசித்தனர். உவமையை எண்ணிச் சென்றவரே மிகுதியாக உதவினர் என்று அடித்துச் சொன்னார்கள். ஊகம் கண்ணை மறைத்துவிட்டது. இம்முறையின் ஆபத்தும் இதுவே. எந்தச் சொல்லைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று விரலை வைக்கச் சொன்ன பிறகே, தாங்கள் விட்டுவிட்ட மறுப்புச் சொல் அகப்பட்டது.

மற்றோர் இடறலும் உண்டு. 'இஃப்' வரும் கற்பனை வினாவில் ஆங்கிலம் இறந்தகால வினையை இடுகிறது. பிள்ளைகள் அதை நேற்று நடந்ததாகக் கொண்டுவிடுகின்றனர். "'கண்டால்' என்பதில் 'கண்டு' இருக்கிறதே, கண்டாயா?" என்று கேட்டோம். சிரித்தார்கள். தமிழில் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ தனிச்சொல்லாகப் பெரும்பாலும் தலைவாசலிலேயே நிற்கிறது. அதைக் கவனியாமல் உள்ளே நுழைபவன் முழு வாக்கியத்தையும் நடந்த செய்தியாகவே வாசித்துவிடுவான்.

ஒவ்வொரு நாளும் வகுப்பு இப்படி வாய்ப்பதில்லை. ஒரு மாலை, கண்டெடுத்த பணப்பையைப் பற்றிக் கேட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரமும் தமிழிலேயே வழக்காடிக் கலைந்தோம். ஆங்கிலத்தில் ஒரு வரியும் வாசிக்கவில்லை. இப்போது விடையை இரண்டே வரியில் எழுத வைத்து உடனே தாளுக்குத் திரும்பிவிடுகிறோம். பிள்ளைகளின் விடைகளை நல்லது, தீயது என்று தரம் பிரிப்பதையும் விட்டுவிட்டோம். பிரித்தால் நமக்குப் பிடித்த விடையையே எழுதுவார்கள். பழைய பெயர்த்தெழுதல் வேறு வேடத்தில் வந்துவிடும்.

நாற்பது பேர் பாடம் முடிந்த அன்று ஒரு சிறுமி எழுந்து, "சாமி, குருமடத்தில் படித்தபோது நீங்கள் அவ்வழியே போயிருந்தால் நின்றிருப்பீர்களா?" என்று கேட்டாள். வாயெடுத்தோம், திருப்பலிக்கு முதல் மணி அடித்தது. "நாளைக்குச் சொல்கிறோம்" என்று எழுந்து விரைந்தோம். பின்னால் சிரிப்பொலி கேட்டது. பாதி வழியிலேதான் அதன் காரணம் நமக்கு விளங்கிற்று.

மறுநாள் கரும்பலகையில் நம் விடையை ஆங்கிலத்தில் 'இஃப்' இட்டு எழுதிவைத்தோம். யாரும் உரக்க வாசிக்கவில்லை. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.