எந்த ஒலியை வைத்துக்கொள்வது?

பழைய டிவிடி, புளூ-ரே வட்டுகளை வன்தட்டில் ஏற்றி வைக்கும் வேலை இப்போது பல வீடுகளில் நடக்கிறது. அலமாரியில் இடமில்லை, வட்டு ஓட்டும் கருவியும் கடைகளில் அரிதாகி வருகிறது. மென்பொருளைத் திறந்தால் ஒரே படத்துக்கு ஐந்தாறு ஒலித்தடங்கள் வரிசையாக நிற்கும். அவசரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டை வீசிவிட்டால், விட்டுப்போன ஒலி திரும்ப வராது.

முதலில் இடக்கணக்கு. டிவிடியில் உள்ள டால்பி டிஜிட்டல் 5.1 பெரும்பாலும் நொடிக்கு 448 கிலோபிட். இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 500 எம்பி. புளூ-ரேயில் அதுவே 640 கிலோபிட் வரை போகும். 720 எம்பி ஆகும். இழப்பில்லாத ஒலியான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் பல ஜிபி பிடிக்கும். எல்லாவற்றையும் அள்ளிப்போட்டால் வன்தட்டு சீக்கிரம் நிரம்பிவிடும்.

இந்த இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. டிடிஎஸ்-எச்டி தடத்துக்குள்ளேயே சாதாரண டிடிஎஸ் ஒலியும் அடங்கியிருக்கும். பழைய கருவி அதை மட்டும் பிரித்து வாசித்துக்கொள்ளும். அதனால் பொதுவாக அந்த ஒரு தடம் போதும். ட்ரூஎச்டி அப்படியல்ல. வட்டில் அதற்குத் துணையாக டால்பி டிஜிட்டல் தடம் ஒன்று வரும். இரண்டையும் சேர்த்தே எடுங்கள். டால்பி அட்மாஸ் இருந்தால் அது ட்ரூஎச்டி தடத்துக்குள்தான் இருக்கும். அதை 5.1 ஆக மாற்றினால் தலைக்கு மேலிருந்து வரும் ஒலி போய்விடும்.

வீட்டுக் கருவியையும் பாருங்கள். தொலைக்காட்சி வழியாகச் சவுண்ட்பாருக்கு இழப்பில்லாத ஒலி போக இஆர்க் இணைப்பு வேண்டும். பழைய ஆர்க் போதாது. சில தொலைக்காட்சிகள் டிடிஎஸ் ஒலியை ஏற்பதே இல்லை. எங்கும் ஓடக்கூடியது டால்பி டிஜிட்டல்தான்.

பழைய தமிழ்ப் படங்களில் கூடுதல் கவனம் தேவை. அறுபது, எழுபதுகளில் வந்த பெரும்பாலான படங்கள் ஒற்றைத் தட ஒலியில் உருவானவை. வட்டின் உறையில் 5.1 என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், அது பின்னாளில் பிரித்துக் கூட்டிய ஒலி. சிலவற்றில் எதிரொலி ஏறி வசனம் மங்கியிருக்கும். பழைய மோனோ தடமும் வட்டில் இருந்தால் அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். அப்பாவும் அம்மாவும் தியேட்டரில் கேட்டது அதைத்தான்.

ஸ்டீரியோ தடத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு உரியது. தொலைக்காட்சியின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளில் அதைக் கேட்கும்போது இசை உரக்கவும் பேச்சு மெதுவாகவும் தோன்றும். ‘என்ன சொல்றான்னே புரியலையே’ என்று பாட்டி கேட்பது இதனால்தான்.

ஆக, வைக்க வேண்டியவை: மூல மொழியின் சிறந்த தடம், எங்கும் ஓடும் ஒரு தடம், இயக்குநர் விளக்கவுரை இருந்தால் அதுவும். வீட்டில் யாருக்கும் புரியாத மொழிமாற்றத் தடங்களைத் தயங்காமல் நீக்கலாம். ஆனால் பட்டியலில் உள்ள மொழிப்பெயரை நம்பி நீக்காதீர்கள். சில வட்டுகளில் தமிழுக்கே வேறு பெயர் ஒட்டியிருக்கும். ஒரு நிமிடம் ஓட்டிக் கேளுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். வட்டின் பூட்டை உடைப்பதைச் சிங்கப்பூர், மலேசியப் பதிப்புரிமைச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எடுத்த பிரதியைப் பிறருக்குப் பகிராதீர்கள்.

கோப்பு முழுவதையும் ஒருமுறை வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டிப் பார்த்த பிறகே வட்டுக்கு விடை கொடுங்கள்.