எனக்குப் பிடித்த அனிமே: குப்பை அள்ளுபவர்களின் கதை

எங்கள் கேண்டீனில் வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும் சண்டை இது. உலகத்திலேயே சிறந்த அனிமே எது? ஒருத்தன் 'நருட்டோ' என்பான், இன்னொருத்தன் 'ஒன் பீஸ்' என்பான், ஒருத்தி 'டெத் நோட்'டைத் தாண்டி எதுவும் இல்லை என்று மேஜையைத் தட்டுவாள். அதற்குள் டீ ஆறிவிடும். போன வாரம் என் முறை வந்தது. "பிளானடெஸ்" என்றேன். எல்லோரும் ஒரே குரலில், "அது என்னடா?"

அது என்ன, ஏன் என்று அங்கே சொல்ல முடியவில்லை. பெல் அடித்துவிட்டது என்று சாக்கு சொல்லலாம். உண்மை அது இல்லை. அந்தக் கதை எனக்கு ஏன் பிடிக்கும் என்று சொன்னால், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று வருடமாக நான் மறைத்து வைத்திருந்த விஷயம் அது. சரி, ரெண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கதை. மகோடோ யுகிமுரா என்பவர் எழுதி வரைந்த மங்கா இது. ('வின்லாண்ட் சாகா' பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதே ஆள்தான்.) 2003 அக்டோபரில் தொடங்கி 2004 வரை 26 எபிசோடாக அனிமே வந்தது. இயக்கியவர் கோரோ தனிகுச்சி. பின்னால் 2006ல் 'கோட் கியாஸ்' எடுத்தவரும் இவரே.

கதை நடப்பது 2075ல். மனிதன் நிலாவில் குடியேறிவிட்டான், வியாழன் கிரகத்துக்குப் போகக் கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு காலத்தைக் காட்டுகிற படம் என்றால் ஹீரோ யாராக இருப்பான்? கேப்டன், விஞ்ஞானி, இல்லாவிட்டால் ரோபோ ஓட்டும் பையன். இதில் ஹீரோ குப்பை அள்ளுகிறவன்!

நிஜமாகவே குப்பைதான். பழைய செயற்கைக்கோள், ராக்கெட்டின் கழன்ற பாகம், யாரோ விட்டுவிட்ட நட்டு போல்ட்டு என்று பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பதை எல்லாம் போய்ப் பிடித்துக்கொண்டு வருகிற கூட்டம். டெக்னோரா என்ற பெரிய கம்பெனியில் இவர்கள் ஒரு பிரிவு. லாபம் கிடையாது, எனவே மரியாதையும் கிடையாது. தேவையான ஆட்களில் பாதிப் பேர்தான் இருக்கிறார்கள் என்பதால் மற்ற பிரிவுக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஹாஃப் செக்‌ஷன்'. இவர்கள் ஓட்டும் கப்பலின் பெயரும் 'டாய் பாக்ஸ்', அதாவது பொம்மைப் பெட்டி. விண்வெளி என்றதும் கனவுகளோடு புதிதாக வேலைக்கு வரும் தனபே என்ற பெண், தன்னைப் போட்டிருப்பது இந்தப் பிரிவில் என்று தெரிந்ததும் முழிக்கிற முழி இருக்கிறதே... எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கதை எதற்கு இந்தக் குப்பையை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது? பூமிக்கு அருகில் சுற்றுகிற பொருட்களின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7 அல்லது 8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சின்னத் திருகாணி வந்தாலும் துப்பாக்கிக் குண்டைவிட மோசம். தொடரின் ஆரம்பமே அதுதான். பயணிகள் கலம் ஒன்றில் ஒரு திருகாணி மோதுகிறது. அதில் மனைவியைப் பறிகொடுக்கிற யூரி என்பவர்தான் பிறகு ஹாஃப் செக்‌ஷனில் வந்து வேலை செய்கிறார். அவள் வைத்திருந்த திசைகாட்டி அந்தக் குப்பைக்கு நடுவே எங்கேயாவது மிதந்துகொண்டிருக்கும் என்று வருடக்கணக்காக அவர் தேடுவது நமக்கு மெதுவாகத்தான் தெரிய வருகிறது. பத்தாவது எபிசோட் பார்த்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அதற்கு மேல் சொன்னால் நீங்கள் என்னை அடிப்பீர்கள்.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1983ல் சேலஞ்சர் விண்கலத்தின் ஜன்னல் கண்ணாடியில் குழி விழுந்தது. காரணம் ஒரு துளி காய்ந்த பெயிண்ட்! ஒரு மோதலில் சிதறும் துண்டுகள் அடுத்த மோதலுக்குக் காரணமாகி, அது இன்னொன்றுக்குக் காரணமாகி, கடைசியில் அந்தப் பாதையே பயன்படாமல் போய்விடலாம் என்று 1978லேயே டொனால்ட் கெஸ்லர் என்ற நாசா விஞ்ஞானி எழுதிவிட்டார். தொடர் முடிந்து ஐந்து வருடம் கழித்து, 2009 பிப்ரவரி 10ந் தேதி, வேலை செய்துகொண்டிருந்த ஒரு அமெரிக்க இரிடியம் செயற்கைக்கோளும் செத்துப்போன ஒரு ரஷ்ய காஸ்மோஸும் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. போட்டவன் யாரோ, அடிபடுகிறவன் யாரோ. குப்பையின் சட்டமே அதுதான்.

இப்போது அப்பா.

என் அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளர். அதிலும் ஒப்பந்தம். காலையில் நாலரைக்கு எழுந்து போவார். கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த ஃபாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'அரசுப் பணி' என்று எழுதினேன். அது பொய்தான், அரைப் பொய்கூட இல்லை. யாராவது வாயால் கேட்டால் "முனிசிபாலிட்டியில ஹெல்த் டிபார்ட்மென்ட்" என்பேன். கேட்டவர்கள் மருந்து, ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் விட்டுவிடுவேன்.

ரெண்டாம் வருடம் படிக்கும்போது அப்பாவுக்கு வலது கையில் அடிபட்டது. யாரோ உடைந்த கண்ணாடி டம்ளரை அப்படியே குப்பைப் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா பையைத் தூக்கியதும் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஆறு தையல். பதினோரு நாள் வேலைக்குப் போகவில்லை, பதினோரு நாள் சம்பளமும் வரவில்லை. அந்தப் பையைக் கட்டியவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு மறைந்ததும் அந்தக் கண்ணாடி உலகத்தைவிட்டே போய்விட்டது என்று நினைத்திருப்பார், அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு நாளில்தான் நான் பிளானடெஸ் பார்த்தேன். யாரோ ஹார்ட் டிஸ்கில் கொடுத்தது. ராத்திரி ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தூக்கம் வராமல் அப்பாவும் கட்டுப்போட்ட கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவங்க என்னப்பா பண்றாங்க?"

"மேல சுத்துற குப்பையைப் பொறுக்குறாங்கப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்டார், "கையுறை நல்லா கெட்டியா இருக்கே. கம்பெனியே குடுத்துருமா?"

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஆமாப்பா" என்றேன். அடுத்த கேள்வி, "சம்பளம் எவ்வளவு வரும்?" இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விமர்சனம் இந்த ரெண்டு கேள்விகள்தான்.

ஏனென்றால் தொடரில் எனக்கு உடன்பாடு இல்லாத இடமும் அதுதான். அங்கே குப்பை அள்ளுகிறவர்களுக்கு விண்வெளி உடை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போக வழி இருக்கிறது. ஜப்பான்காரர், ரஷ்யர், அமெரிக்கர் என்று யார் வேண்டுமானாலும் அந்தப் பிரிவில் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பிறந்த தெருவே முடிவு செய்துவிடுகிறது. அப்பாவின் அப்பாவும் இதே வேலைதான். அதைப் பிளானடெஸ் பேசவில்லை. பேசவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை, அது வேறு நாட்டுக் கதை. ஆனால் 'எந்த வேலையும் கேவலம் இல்லை' என்று வசனம் பேசி ஒரு கதை முடிந்துவிட்டால் எனக்குக் கோபம் வரும். இது அப்படி முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் கிளேர். ஹீரோ ஹச்சிமாகிக்குச் சொந்தக் கப்பல் வாங்க வேண்டும் என்று ஆசை. அவனைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மறக்க முடியாதவள் கிளேர். எல் தனிகா என்ற ஏழை நாட்டில் (கற்பனை நாடு) பிறந்து, படித்து, முட்டி மோதி மேலே வந்தவள். வந்த இடத்தை முழுதாக மறக்க நினைக்கிறாள். பதினோராவது எபிசோடில் அவள் நாட்டுக்காரர் ஒருவர் தங்கள் ஊரில் செய்த விண்வெளி உடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அந்த நாட்டுப் பெயரைக் கேட்டதும் சோதித்துப் பார்க்கக்கூட யாரும் தயாராக இல்லை. கடைசியில் ஹாஃப் செக்‌ஷன் ஆட்கள்தான் உதவுகிறார்கள். உடை அவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த நேரம் பார்த்து அவர் ஊரில் போர் தொடங்கிவிடுகிறது. மேலேயிருந்து பார்க்கிறார்கள். பூமியில் எந்தக் கோடும் தெரியவில்லை. ஆனால் கீழே அந்தக் கோட்டுக்காகத்தான் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த எபிசோடில் தன் நாட்டுக்காரரைப் பார்க்கும்போது கிளேர் முகத்தில் ஒரு சங்கடம் வரும். அதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கல்லூரி பஸ்ஸில் போகும்போது அப்பா தள்ளுவண்டியோடு ரோட்டோரம் நின்றிருந்தார். பக்கத்தில் நண்பன். நான் குனிந்து ஷூ லேஸ் கட்டினேன். அவிழ்ந்திருக்கவே இல்லை.

கிளேர் பிறகு எங்கே போய் நிற்கிறாள் என்பதைத் தொடரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் புரிந்தது இதுதான். வந்த இடத்தை மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவன் எவ்வளவு உயரம் போனாலும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று குனிந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

குறை இல்லாத தொடர் என்று சொல்லமாட்டேன். முதல் ஐந்தாறு எபிசோட் மெதுவாகப் போகும். காமெடி சில இடங்களில் சுத்த மொக்கை. எதற்கெடுத்தாலும் 'அன்பு, அன்பு' என்று தனபே கத்துவது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு பத்து வரைக்கும் போய்விடுங்கள், அப்புறம் நீங்களே நிறுத்தமாட்டீர்கள்.

சிறந்த அனிமே எது என்ற சண்டையில் இது ஜெயிக்காது என்று எனக்கே தெரியும். இதைவிட நல்ல சண்டைக் காட்சி, நல்ல இசை, நல்ல திருப்பம் உள்ள தொடர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்த ஒரு கதையில், உலகத்தை யார் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்தால், அது என் அப்பா செய்கிற வேலையைச் செய்கிறவர்கள். வேறு எந்தத் தொடரும் எனக்கு அதைத் தரவில்லை.

போன மாதம் பிளேஸ்மென்ட்டுக்காக மறுபடி ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதே கட்டம், அதே கேள்வி. 'தூய்மைப் பணியாளர் (ஒப்பந்தம்)' என்று எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஃபாரத்தை வாங்கியவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இதற்கா மூன்று வருடம் பயந்தோம் என்று இருந்தது. எல்லா இடத்திலும் இப்படியே இருக்காது என்றும் தெரியும். ஆனாலும் இனி ஷூ லேஸ் கட்டப்போவதில்லை.

பி.கு.: தொடரைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் டம்ளர், பல்பு, டியூப்லைட் எது உடைந்தாலும் நாலு தாள் பேப்பரில் நன்றாகச் சுற்றி, தனியாகக் கட்டி, "அண்ணே, இதுல கண்ணாடி இருக்கு" என்று சொல்லிக் கையில் கொடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.