தீப்புண் சிகிச்சையில் முதல் மணி நேரம்

தீப்புண் ஆராய்ச்சி என்றதும் பெருநகர மருத்துவமனைகளும், தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சையும், விலையுயர்ந்த களிம்புகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் தீப்புண்ணின் போக்கைப் பெருமளவு நிர்ணயிப்பது விபத்து நேர்ந்த இடத்தில் முதல் மணி நேரத்தில் செய்யப்படுவதேயாகும். ஆராய்ச்சியின் பயன் அந்த இடத்தைச் சென்றடையாவிடில் அது பாதிப் பயனே.

இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டிப்பெரியாரை உதாரணமாகக் கொள்ளலாம். பெரியாற்றங்கரையில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. குறுகிய அறை, விறகடுப்பு, கொதிக்கும் பாத்திரம், அருகே தவழும் குழந்தை: விபத்து நேர இவையே போதும். கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மலைப்பாதையில் 90 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

1953-ஆம் ஆண்டில் ஜாக்ஸன் என்ற ஆங்கில அறுவைச் சிகிச்சை நிபுணர், தீப்புண்ணில் மூன்று வளையங்கள் உண்டென்று விளக்கினார். நடுவிலுள்ள திசு முற்றிலும் மாண்டுவிடுகிறது. வெளி வளையம் சிவந்திருப்பினும் தானே குணமடைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வளையத்தில் இரத்தவோட்டம் தளர்ந்திருக்கும். ஆயினும் உயிர் எஞ்சியிருக்கும். அது பிழைத்தால் புண் சிறுத்து ஆறும்; மாண்டால் புண் ஆழ்ந்து, தோல் சுருங்கி, விரலும் முழங்கையும் மடங்கிவிடக்கூடும். சிகிச்சையின் போராட்டம் முழுவதும் இவ்விடை வளையத்தைக் காப்பதற்கேயாம்.

இதற்கு ஆராய்ச்சி கண்ட முதல் மருந்து தண்ணீர். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் புண்ணைக் காட்டினால் தோலில் தங்கிய வெப்பம் தணிகிறது, புண் ஆழமாவது குறைகிறது, வலியும் அடங்குகிறது. விபத்து நேர்ந்து மூன்று மணி நேரம் வரையிலும் இதனால் நன்மை உண்டு. பனிக்கட்டி கூடாது, அது இரத்தவோட்டத்தை மேலும் குறைக்கும். குளிர் மிகுந்த மலைப்பிரதேசத்தில் குழந்தையின் எஞ்சிய உடலைக் கம்பளியால் போர்த்துவதும் அவசியம். மை, பற்பசை, நெய் முதலியவற்றைப் பூசும் வழக்கம் தீங்கானது. அவை வெப்பத்தைத் தணிப்பதில்லை. கிருமி புக வழி செய்வதுடன், புண்ணின் ஆழத்தை மருத்துவர் அறியவும் தடையாகின்றன.

குளிர்வித்தபின் சுத்தமான துணியால் புண்ணை மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கு நிகழும் சிகிச்சையிலும் நம் நாட்டு ஆராய்ச்சி பின்தங்கவில்லை. மும்பை மருத்துவர் மாதுரி கோரே, கிருமிநீக்கம் செய்த வாழையிலையைக் கொண்டு புண்ணை மூடும் முறையைச் சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார். அது புண்ணில் ஒட்டுவதில்லை, செலவும் சொற்பம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பைத் திசுவிலிருந்து உருவாக்கிய ‘கோலிடெர்ம்’ என்னும் புண் ஆற்றும் பொருள் 2023-இல் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது.

பெரிய தீப்புண் பிரிவுகளை அமைப்பதே முதற்கடமை என்று வாதிப்போர் உண்டு. அவை வேண்டுமென்பதில் ஐயமில்லை. எனினும் இடை வளையம் மாண்டபின் வந்து சேரும் நோயாளிக்கு மிகச் சிறந்த பிரிவும் இழந்ததை மீட்டுத் தர இயலாது. தோட்டங்களில் மருத்துவ வசதி செய்தளிப்பது நிர்வாகத்தின் கடமையென்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. அக்கடமை மருந்தகக் கட்டடத்தோடு முடிந்துவிடுவதன்று. லயந்தோறும் வற்றாத தண்ணீர்க் குழாய், தமிழிலும் மலையாளத்திலும் முதலுதவிப் பயிற்சி, தாமதமின்றிக் கிடைக்கும் வாகனம் ஆகிய மூன்றும் அதில் அடங்க வேண்டும்.

ஆராய்ச்சி நிலையங்களும் தம் முறைகளை நகர மருத்துவமனையில் மட்டும் சோதித்து அமையாது, இத்தகைய மலைத்தோட்டங்களிலும் சோதித்தல் நலம். லயத்துக் குழந்தையின் கை மடங்காமல் நிமிர்ந்திருப்பதே அந்த ஆராய்ச்சிக்குச் சரியான அளவுகோலாகும்.